இருபத்தொரு அமர்வில் பொன்மூளை

காலை ஆறு மணிக்கே சோபாக் கடை வாசலில் வரிசை நின்றது. சோபா வாங்க அல்ல. கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், மூளை விற்றார்கள்.

வெறும் மூளை என்று நினைத்துவிடாதீர்கள். அது எல்லாரிடமும் இருக்கிறது, சும்மா கிடக்கிறது. இங்கே விற்றது பொன்மூளை. பலகையிலேயே எழுதியிருந்தது: "நாத மூளை நிலையம். பயிற்சி வேண்டாம். விரல் வலி வேண்டாம். இருபத்தொரு அமர்வில் இசை மேதையின் மூளை உங்களுக்கும்." கீழே பொடி எழுத்தில், "ஆயுள் சந்தா உண்டு." ஆயுள் மூளைக்கா, சந்தாவுக்கா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் இருந்தால் வரிசையில் ஏன் நிற்கிறார்கள்?

படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று சொல்பவர்கள் அந்த வரிசையை ஒரு நாள் வந்து பார்த்திருக்க வேண்டும். பல் டாக்டர் நின்றார். கணக்குப் பேராசிரியர் நின்றார். பெண்டாட்டி "மழை பெய்யுது" என்றால்கூட ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்க்கிற வக்கீல், குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

மேலே இருந்தவருக்கு நாதவித்தகர் என்று பெயர். அவரே தனக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம். அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்காத மனிதர். முழங்கால்வரை வெள்ளைக் கோட்டு, தோள்வரை முடி. டாக்டர் என்றும் அழைத்தார்கள். எதில் டாக்டர் என்று கேட்டால் கண்ணை மூடிப் புன்னகை செய்வார். அந்தப் புன்னகைக்கு எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது என்று தெரியவில்லை.

அவருடைய முறை எளிது. போனதும் எண் போட்ட அட்டை ஒன்று தருவார்கள். நாற்காலியில் உட்கார வேண்டும். வித்தகரின் மைத்துனர் அட்டையை வாங்கிப் பெட்டியில் செருகுவார். வித்தகர் முப்பது வயர் தொங்கும் தொப்பியைத் தலையில் கவிழ்த்து, காதில் ஹெட்போன் மாட்டுவார். இரண்டு நிமிடம் இசை. எதிரே பெரிய திரையில் மூளைப் படம் ஒன்று தெரிந்து, மெல்ல நிறம் ஏறும். முதல் தடவை வந்தவர்களுக்குப் பழுப்பு. அது களிமண் மூளை. பத்தாவது தடவை பச்சை. அது தளிர் மூளை. இருபத்தொன்றாவது தடவை தகதகவென்று பொன்.

ஒரே குலையில் இருக்கிற வாழைப்பழம்கூட ஒரே நாளில் பழுப்பதில்லை. ஆனால் அந்த மாடியில் மூளைகள் எல்லாம் சொல்லி வைத்தாற்போல் இருபத்தொன்றாவது தடவை பழுத்தன. கணக்குப் பேராசிரியருக்கே உறுத்தவில்லை. அவரும் அப்போது பதினெட்டில் இருந்தார்.

இந்த வரிசையில் ஒரு வியாழக்கிழமை லென்ஸக்காவும் போய் நின்றாள். ஆசைப்பட்டு அல்ல. அவள் தலையெழுத்து.

லென்ஸக்கா என்பது இசைக்குழுவில் வைத்த பெயர். கண்ணாடிக் கடையின் பின்னறையில், சக்கரத்தில் லென்ஸ் தீட்டி, ஓரம் இழைத்து, சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்னப் பெண் குடிவந்து வயலின் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது லென்ஸக்காவுக்கு வயது முப்பத்தொன்பது. ஒரு மாதம் கீழேயிருந்து கேட்டாள். ஒரு நாள் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் படியேறிப் போய், "எனக்கும் சொல்லித் தருவீங்களா டீச்சர்?" என்றாள். டீச்சருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. "வாங்கக்கா. ஆனா தினமும் வாசிக்கணும்," என்றாள். அவ்வளவுதான் சேர்க்கை விதி.

நான்கு வருடம். தினமும் நாற்பது நிமிடம், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள். அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். முதல் வருடம் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டார். இரண்டாம் வருடம் ஒரு காதில். மூன்றாம் வருடம் பஞ்சு வாங்குவதை விட்டார். நான்காம் வருடம் அவரே லிப்ட் கிணற்றுக்குள் நின்று அவள் வாசிக்கிற மெட்டை முணுமுணுத்தார். இதைவிடப் பெரிய நற்சான்று எந்தக் கலைஞருக்கும் கிடைத்ததில்லை. ஊர் மாலை இசைக்குழுவின் தேர்வில் வாசித்து, இரண்டாம் வயலின் வரிசையில் கடைசி நாற்காலியையும் வாங்கிவிட்டாள்.

அந்த நாற்காலிக்குத்தான் வந்தது வினை. அதுவும் நாத்தனார் உருவத்தில்.

நாத்தனார் சலவைக் கடை வைத்திருப்பவர். ஐம்பத்தொரு வயது. கதவு மணி தவிர வேறு வாத்தியம் தொட்டதில்லை. ஊரில் பொன்மூளை பெற்ற முதல் பத்துப் பேரில் ஒருவர். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். வித்தகர் அவர் படத்தைச் சுவரொட்டியிலும் போட்டார். துணி வாங்க வந்தவர்கள் கறை போயிற்றா என்று பார்க்காமல் அவர் நெற்றியையே பார்த்துவிட்டுப் போனார்கள்.

"கையால வாசிக்கிறதெல்லாம் பழைய காலம்மா," என்றார் லென்ஸக்காவிடம். "இப்ப மூளையால வாசிக்கிறாங்க."

"மூளையால வாசிச்சா சத்தம் எங்கிருந்து வரும் அண்ணி?"

"அது போகப் போக வருமாம்."

இசைக்குழுவின் தலைவர் டைல்ஸ் கடை முதலாளி. ஊரில் புது மண்டபம் திறக்கப் போகிறது, திறப்பு விழாவில் நம் குழு வாசிக்கப் போகிறது என்று ஏற்கெனவே தரையில் கால் பாவாமல் திரிந்தவர். பொன்மூளைச் செய்தி அவர் காதுக்குப் போனதும் கமிட்டியைக் கூட்டினார். "இனிமே வாசிச்சுக் காட்டற தேர்வெல்லாம் கிடையாது. அன்னைக்கு நல்லா வாசிப்பாங்க, மறுநாள் சொதப்புவாங்க. மூளை அப்படியில்ல. எல்லாரும் போய் நிறம் பாத்துட்டு வாங்க. பொன்னுக்கும் பச்சைக்கும் நாற்காலி. பழுப்பு வெளியில," என்றார். டைல்ஸை நிறம் பார்த்து விற்றவர். வேறு எப்படி யோசிப்பார்?

இப்படித்தான் லென்ஸக்கா அந்த நாற்காலியில் உட்கார நேர்ந்தது. காலையில் கொண்டை போட்டிருந்தாள். தொப்பி கொண்டைமேல் கூடாரம் போல நின்றது. ஹெட்போனில் ஒரு வயலின் ஒலித்தது. பாதியில் ஒரு ஸ்வரம் சுருதியிலிருந்து இறங்கித் தப்பாகப் பேசியது. அவள் முகம் சுளித்தது. அந்த நேரம் திரை பழுப்பாகியது.

"களிமண்," என்றார் வித்தகர், இரக்கத்தோடு.

"நான் நாலு வருஷமா வாசிக்கிறேனே ஐயா."

"அதுதான் பிரச்சினையே அம்மா. முறை தெரியாமல் வாசித்து வாசித்து மூளை இறுகிவிட்டது. உங்களுக்கு இருபத்தொன்று போதாது. நாற்பத்திரண்டு."

ஹாலில் இருபது பேர் இருந்தார்கள். எல்லார் கண்ணும் அவள் தலைமேல் இருந்தது. அவள் தொப்பியைத் தானே கழற்றிக் கொடுத்துவிட்டு, அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

அன்று மாலை வயலினைப் பெட்டியில் வைத்து, பெட்டியை அலமாரிக்கு மேலே தள்ளினாள். கணவர் சாப்பிட்டு முடித்து வெகுநேரம் சமையலறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு வாசிக்கலையா?"

"களிமண்ணு வாசிச்சா என்ன, வாசிக்காட்டி என்ன."

"யாரு சொன்னா?"

"மெஷின் சொல்லுச்சு."

அவர் மெஷினோடு பிழைப்பு நடத்துகிறவர். "மெஷின் சொல்லாது. மெஷினுக்குப் பின்னாடி எவனாவது சொல்லுவான்," என்றார். அவளுக்குக் கேட்கவில்லை. விரல் நுனியில் கம்பி அழுத்திக் காய்த்துப்போன இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வருடத்தில் கிடைத்தது இது ஒன்றுதான் போலிருக்கிறது என்று நினைத்தாள். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரத்தைப் போட்டார்கள். அது என்ன ஸ்வரம் என்று காது தேடியது. "உனக்கென்ன கேடு," என்று காதைத் திட்டினாள்.

ஒரு வாரம் கழித்துக் கடைக்கு ஓர் அம்மா வந்தார். படிக்கிற கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது, மாற்ற வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் மூளையலைப் படம் எடுக்கும் பிரிவில் டெக்னீஷியன். இருபது வருடமாக ஊர்ஜனங்களின் தலையில் வயர் வைக்கிறவர். லென்ஸக்கா அளவு எடுத்துக்கொண்டே பேச்சைக் கொடுத்தாள்.

"அம்மா, தலையில தொப்பி வெச்சு மூளை நிறம் பாக்கறாங்களே, பழுப்பு வந்தா மாறவே மாறாதா?"

"நிறமா? எந்த மெஷின்ல?"

லென்ஸக்கா சொன்னாள். டெக்னீஷியன் கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கிக் கேட்டார்.

"தொப்பி வைக்கறதுக்கு முன்னாடி தலையில பசை ஏதாவது தடவினாங்களா?"

"இல்லம்மா."

"முடியை விலக்கினாங்களா?"

"கொண்டைமேலயே வெச்சாங்க."

"அப்ப அது தொப்பி."

லென்ஸக்கா அளவுகோலைக் கீழே வைத்தாள்.

"மூளையோட மின்சாரம் ரொம்பச் சின்னது," என்றார் அந்த அம்மா. "தோல்ல ஒட்டி, பசை வெச்சு, ஆடாம அசையாம உக்கார வெச்சாலும் எங்களுக்கு வர்றது கோணல் மாணலா நாலு கோடுதான். ஒருத்தர் கண்ணைச் சிமிட்டினாலே கோடு கெட்டுப்போகும். கொண்டைமேல வெச்சு, கலர் படம் எடுக்கறாராமா?"

"அப்ப இசை கத்துக்கிட்டா மூளை மாறும்னு சொல்றதெல்லாம் பொய்யா?"

"அது பொய்யில்ல. அதுதான் வயித்தெரிச்சல்." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வருஷக்கணக்கா வாசிக்கிறவங்க தலைக்குள்ள பாட்டு வேற மாதிரிதான் போகும். ஒரு ஸ்வரம் தப்பினா, தப்புன்னு அவங்க நினைக்கறதுக்கு முன்னாடியே மூளை துள்ளும். கண் இமைக்கற நேரம்கூட ஆகாது. கோட்டுல தெரியும். வாசிக்காதவங்களுக்கும் கொஞ்சம் துள்ளும், ஆனா இந்த அளவுக்குத் துள்ளாது. அது தினமும் வாசிச்சு வாசிச்சு வர்றது. தொப்பி போட்டு வராது. உண்மை பாதி இருக்கறதாலதான் இந்தப் பொய் இந்த விலைக்கு விக்குது."

லென்ஸக்காவுக்கு அந்த ஹெட்போனும் சுளித்த முகமும் ஞாபகம் வந்தது. சொன்னாள்.

"தப்பு கேட்டுச்சுல்ல?" என்றார் அவர். "அந்த ஹால்ல வேற யாருக்காவது கேட்டுச்சா?"

"தெரியல. எல்லாரும் திரையைப் பாத்துட்டிருந்தாங்க."

அன்று மாலை லென்ஸக்கா குழுவின் இசைப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க ஒத்திகைக் கூடத்துக்குப் போனாள். போகும் வழியில் டீச்சரைப் பார்த்து நடந்ததைச் சொன்னாள். குழுவின் முதல் வயலின் டீச்சர்தான். அவளும் பழைய ஆட்கள் நால்வரும் இன்னும் நிறம் பார்க்கப் போகவில்லை. அவள் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வயலின் வரிசையில் இப்போது பன்னிரண்டு பொன்மூளைகள், நாத்தனார், பல் டாக்டர், வக்கீல் உட்பட. வில்லைக் கம்பிக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மூளையால் வாசித்தார்கள். கூடத்தில் அப்படி ஓர் அமைதி இதற்கு முன் இருந்ததில்லை.

டீச்சர் எழுந்தாள். "எல்லாரும் சுவரைப் பாத்துத் திரும்பி உக்காருங்க. தெரிஞ்ச மெட்டு ஒண்ணைப் பத்துத் தடவை வாசிக்கிறேன். சில தடவை ஒரு ஸ்வரம் தப்பா வைப்பேன். கேட்டதும் கை தூக்குங்க. அவ்வளவுதான்."

தலைவர் சந்தோஷமாகச் சம்மதித்தார். பொன்மூளையின் பெருமை தெரியட்டும் என்று வித்தகருக்கும் ஆள் அனுப்பினார்.

டீச்சர் வாசித்தாள். பழைய ஆட்கள் நால்வர் கை அபஸ்வரம் விழுந்த அடுத்த நொடியே எழுந்தது. பொன்மூளைகளின் கைகள் வேறொரு தாளத்தில் எழுந்தன. வக்கீல் வாசிப்பு தொடங்குமுன்னே ஒருதடவை தூக்கினார். பல் டாக்டர் தூக்கினால் நாத்தனார் தூக்கினார். நாத்தனார் தூக்கினால் ஐந்து பேர் தூக்கினார்கள். சரியான ஸ்வரத்துக்கு மெஜாரிட்டியில் தண்டனை கிடைத்தது. இரண்டு உண்மையான தப்புகள் ஆட்சேபணையே இல்லாமல் விடுதலையாயின.

கதவோரம் புத்தகக் கட்டோடு நின்ற லென்ஸக்காவை யாரும் கை தூக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தப்புக்கும் கை தானாகக் கிளம்பியது. புத்தகக் கட்டு இரண்டு தடவை கீழே விழுந்தது.

வித்தகர் வந்து சேர்ந்தபோது கூடம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தது. நடந்ததைக் கேட்டார். கண்ணை மூடினார். புன்னகைத்தார்.

"களிமண் மூளை குற்றம் பார்க்கும். பொன்மூளை மன்னித்துவிடும்," என்றார்.

 கூடம் கை தட்டியது. வக்கீல் எழுந்து நின்று தட்டினார். தலைவர் அந்த வாசகத்தை நோட்டில் எழுதிக்கொண்டார். டீச்சர் வில்லைப் பெட்டியில் வைத்து மூடிய சத்தம் மட்டும் கைதட்டலோடு சேரவில்லை.

நாத்தனாரும் கை தட்டவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை கடை திறக்குமுன் அவர் தம்பி வீட்டுக்கு வந்தார். நேரே சமையலறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். லென்ஸக்கா தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"நேத்து உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"தெரியல அண்ணி. கை தானாப் போச்சு."

"எனக்கு ஒண்ணும் கேக்கல." குரல் இறங்கியது. "பல் டாக்டர் கையைப் பாத்துத் தூக்கினேன். வெளியில வந்து அவர்கிட்ட கேட்டேன். அவர் என் கையைப் பாத்துத்தான் தூக்கினாராம்."

லென்ஸக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். ஐம்பத்தொரு வயது மனுஷி, ஊர் முழுக்கச் சுவரொட்டியில் சிரிக்கிறவள், முக்காலியில் உட்கார்ந்து அழாமல் இருக்கப் பாடுபடுகிறாள். அதைப் பார்த்துச் சிரிக்க மனம் வரவில்லை.

"சின்ன வயசுல பாட்டு கத்துக்கறேன்னு கேட்டேன்," என்றார் நாத்தனார். "அப்பா, உனக்கெதுக்குன்னுட்டார். இந்த ஆள் வந்து, கஷ்டமே வேண்டாம், விட்டுப்போனதெல்லாம் இருபத்தொரு நாள்ல வந்துடும்னான். நம்பிட்டேன்."

லென்ஸக்கா முக்காலி கேட்டு வாங்கி, அலமாரிமேலிருந்து பெட்டியை இறக்கிவிட்டு, முக்காலியைத் திரும்பப் போட்டாள். தூசி துடைத்துக் கம்பியை முறுக்கினாள். ஒரு சின்ன மெட்டை நேராக வாசித்தாள். பிறகு ஓர் இடத்தில் தப்பாக வாசித்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றார் நாத்தனார்.

திரும்ப வாசித்தாள். திரும்பவும். எட்டாவதோ ஒன்பதாவதோ தடவை நாத்தனார் புருவத்தைச் சுருக்கினார்.

"மூணாவது இடத்துல ஏதோ இடறுது."

"அதேதான் அண்ணி."

நாத்தனார் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். இன்னொரு தடவை. கடை திறக்கிற நேரம் போய்க்கொண்டிருந்தது. ஒருவழியாக எழுந்தவர், "அப்ப எனக்குப் பொன் எப்படி வந்துச்சு?" என்றார்.

லென்ஸக்கா யோசித்தாள். கடையில் கண்ணுக்கு எந்தக் கண்ணாடி சேரும் என்று பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. மற்றதையெல்லாம் அப்படியே வைத்துவிட்டு ஒரே ஒரு லென்ஸை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். நாள் முழுக்கப் பார்க்கிற வேலை.

"அண்ணி, உங்க அட்டை இருக்கா?"

"பையிலதான் இருக்கு. ஏன்?"

"ஞாயித்துக்கிழமை வித்தகரோட பெருவிழா இருக்குல்ல, அப்ப அதை எனக்குக் குடுங்க. என்னுது உங்களுக்கு. தலை அப்படியே இருக்கட்டும், அட்டை மட்டும் மாறட்டும். மெஷின் எதைப் பாக்குதுன்னு தெரிஞ்சுடும்."

நாத்தனார் அட்டையை எடுத்துப் பார்த்தார். எண் மட்டும்தான் இருந்தது. பெயர் இல்லை. "சுவரொட்டியில நான்தானே இருக்கேன். ஊரே சிரிக்குமே," என்றார்.

"ஆமா அண்ணி."

அட்டையைப் பைக்குள் வைத்து, "சிரிக்கட்டும்," என்றார். அன்று அவர் செய்தது வித்தகர் செய்ததாகச் சொன்ன எல்லா அற்புதத்தையும்விடப் பெரிது.

ஞாயிறு காலை பத்து மணி. திறப்பு விழாவுக்கு முன்பே புது மண்டபத்தில் பொன்மூளைப் பெருவிழா. உட்கார இடமில்லை. வாசலில் நாத்தனாரின் சுவரொட்டி ஆளுயரத்துக்கு நின்றது. மேடையில் நாற்காலி, தொப்பி, பெட்டி, திரை. ஓரத்தில் மைத்துனர் எண்ணைக் கூப்பிடுவார். அந்த எண்ணுக்கு உரியவர் போய் அட்டையைக் கொடுப்பார். தலைவர் வரவேற்புரையில் "மன்னிக்கும் மூளை" என்று மூன்று தடவை சொன்னார். மூன்றாவது வரிசையில் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு டெக்னீஷியன் உட்கார்ந்திருந்தார். அழைத்தது லென்ஸக்கா.

நாத்தனாரின் எண்ணைக் கூப்பிட்டார்கள். லென்ஸக்கா எழுந்து போனாள்.  மைத்துனர் எண்ணைப் பார்த்தார், செருகினார். வித்தகர் தலையைப் பார்த்தார், கவிழ்த்தார். ஆயிரம் தலையைத் தொட்டவர். ஒரு முகத்தையும் பார்த்தவரில்லை.

திரை பொன்னாக ஜொலித்தது. மண்டபம் ஆ என்றது.

"பாருங்கள்," என்றார் வித்தகர் ஒலிபெருக்கியில். "இருபத்தொரு அமர்வின் தவம். இந்த அம்மையாரின் மூளையும் பிறவி மேதையின் மூளையும் இனி ஒன்றே. அம்மா, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்."

லென்ஸக்கா ஒலிபெருக்கியை வாங்கினாள். "நான் ஒரே ஒரு தடவைதான் வந்தேன். போன வாரத்துக்கு முன் வாரம். களிமண்ணுன்னீங்க. நாப்பத்திரண்டு தடவை வரச் சொன்னீங்க."

வித்தகரின் புன்னகை நின்ற இடத்தில் நின்றது. அதற்குள் நாத்தனார் கூப்பிடாமலே மேடை ஏறி, நாற்காலியில் உட்கார்ந்து, லென்ஸக்காவின் அட்டையை நீட்டினார். மைத்துனருக்குப் பழக்கதோஷம். செருகிவிட்டார். தொப்பியை நாத்தனாரே எடுத்து மாட்டிக்கொண்டார்.

பழுப்பு.

"முதல் முறை வருபவர்களுக்கு இது இயல்பே," என்றது வித்தகரின் வாய், தன் வழக்கப்படி.

சபையில் சலசலப்பு. ஒவ்வொரு தலையாக வாசல் பக்கம் திரும்பிச் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு மேடையைப் பார்த்தது.

"நல்லாப் பாருங்க ஐயா," என்றார் நாத்தனார். "வாசல்ல சிரிச்சுக்கிட்டு நிக்கறது நான்தான். நானும் என் தம்பி பெண்டாட்டியும் அட்டையை மட்டும் மாத்திக்கிட்டோம். தலை அவங்கவங்க தலைதான்."

வேறு ஆளாக இருந்தால் அங்கேயே விழுந்திருப்பான். வித்தகர் கண்ணை மூடினார். "உறவு," என்றார் ஆழ்ந்த குரலில். "நாத்தனாரும் தம்பி மனைவியும். ஒரே வீட்டுச் சாப்பாடு. பொன் அலை ஒரு மூளையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிட்டது. அற்புதம்."

முன்வரிசையில் இரண்டு பேர் கை தட்டத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து நான்கு பேர். அற்புதம்தான். நாத்தனாருக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் இடையில் பொன் ஒன்று தானாகக் கைமாறியதாக உலகத்தில் அதுதான் முதல் செய்தி.

டெக்னீஷியன் எழுந்து மேடைக்கு வந்தார்.  நாத்தனார் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினார். மேடை ஓரத்தில் இருந்த இருபது லிட்டர் தண்ணீர் கேனை நகர்த்தி வந்து நாற்காலியில் வைத்தார். அதன் கழுத்தில் தொப்பியைக் கவிழ்த்தார். லென்ஸக்கா கையிலிருந்த பொன் அட்டையைக் கேட்டு வாங்கிச் செருகினார்.

திரை தகதகவென்று பொன்னாகியது.

"இது எத்தனை அமர்வு வந்துச்சு ஐயா?" என்று கேட்டார்.

முதலில் சிரித்தது லிப்ட் மெக்கானிக். பிறகு யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியவில்லை. அந்தச் சத்தத்தில் டெக்னீஷியன் தொப்பியின் வயர்களைப் பிடித்துக்கொண்டே பெட்டி இருந்த மேஜைக்கு அடியில் போனார். முப்பது வயரும் ஒழுங்காகக் கட்டி, ரப்பர் வளையம் போட்டு, எங்கேயும் செருகாமல் சுருட்டி வைத்திருந்தார்கள். தூக்கிக் காட்டினார்.

"பெட்டி அட்டையைத்தாங்க எண்ணும்," என்றார் மைத்துனர். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவருக்கே பாரம் தாங்கவில்லை போலிருக்கிறது. "எத்தனாவது தடவைன்னு பாத்து நிறம் போடும். மூளையெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க. முன்னாடி இதே பெட்டியை வெச்சுத்தான் இளைக்கற பெல்ட் வித்தோம்."

வித்தகர் பக்கவாட்டுக் கதவை நோக்கி நகர்ந்தார். வரிசையில் நின்று பழகிய கூட்டம் அங்கேயும் வரிசையாக நின்றது. இந்தத் தடவை பணத்தைத் திருப்பி வாங்க. போலீஸ் வந்து அழைத்துப் போகும்வரை அவர் கண்ணை மூடவேயில்லை. மூடினால் எந்தப் பக்கத்திலிருந்து யார் வருவார்கள் என்று தெரியாதே.

தலைவர் மறுநாளே அறிக்கை விட்டார். முதல் நாளிலிருந்தே தனக்குச் சந்தேகம் இருந்ததாம். பல் டாக்டர் டெக்னீஷியனைத் தனியே கூப்பிட்டு, "அந்த வயரை மட்டும் சரியாச் செருகியிருந்தா வேலை செஞ்சிருக்கும் இல்ல?" என்று கேட்டார். டெக்னீஷியன் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இசைக்குழுவில் மறுபடி தேர்வு வைத்தார்கள். நடுவில் திரைச்சீலை கட்டி, யார் வாசிக்கிறார்கள் என்று தெரியாமல், காதால் மட்டும் கேட்டு. லென்ஸக்காவுக்கு அதே கடைசி நாற்காலி கிடைத்தது. பொன்மூளைகள் பன்னிரண்டில் பதினொன்று வீட்டுக்குப் போயின. ஒன்று மட்டும் மேல்மாடிப் படியேறி, "எனக்கும் சொல்லித் தருவியா டீச்சர்?" என்று கேட்டது. இப்போது நாத்தனார் சலவைக் கடையின் பின்னறையில் தினமும் அரைமணி நேரம் வாசிக்கிறார். கேட்கச் சகிக்காது. இஸ்திரி போடுகிறவர் வேறு வேலை தேடுவதாகக் கேள்வி. ஆனால் தப்பு வரும்போது இப்போது அவரே நிறுத்துகிறார். யார் கையையும் பார்ப்பதில்லை.

சோபாக் கடை மாடி ஒரு மாதம் காலியாக இருந்தது. போன வாரம் புதுப் பலகை தொங்கியது. "கண் மூடிக் கணிதம். ஒன்பதே அமர்வு." காலை ஆறு மணிக்கு வரிசை. முதல் ஆள் வக்கீல். மூன்றாவது ஆள் கணக்குப் பேராசிரியர்.

என்ன செய்வது? மூளையை மாற்றித் தருகிறேன் என்று எவனாவது வந்தால், கொடுக்கும் முன்னால் உள்ளே இருக்கிற பழையதை ஒரே ஒரு தடவை உபயோகித்துப் பாருங்கள். பலருக்கு அது பிரிக்காத பெட்டியிலேயே இருக்கிறது.